பொய்யா அந்தப் பூச்சிக் கதை?

கடந்த தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் திருப்பலி முடிந்து, வழக்கம்போல் கோவில் முற்றத்து வேப்பமரத்தடியில் நின்று மக்களோடு பேசிக்கொண்டிருந்தேன். கூட்டம் கலைந்த பின்னும், பிளஸ் டூ படிக்கும் மாணவி ஒருத்தி மட்டும் போகாமல் தயங்கி நின்றாள். கையில் உயிரியல் பாடப்புத்தகம். சற்றுத் தள்ளி அவளுடைய தாய்.

"சாமி, ஒரு சந்தேகம்."

"கேளம்மா."

புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் பிரித்துக் காட்டினாள். மரப்பட்டையின்மீது இரண்டு அந்துப்பூச்சிகள். ஒன்று வெளுப்பு, மற்றது கறுப்பு.

"இங்கிலாந்துல தொழிற்சாலைப் புகையால மரமெல்லாம் கறுத்துப் போச்சு, அதனால வெள்ளைப் பூச்சியைப் பறவைங்க சுலபமாப் பார்த்துத் தின்னுடுச்சு, கறுப்புப் பூச்சி தப்பிப் பெருகிடுச்சு. இப்படித்தான் டீச்சர் நடத்துனாங்க. ஆனா இது பொய்க் கதைன்னு நீங்களே ஒரு பிரசங்கத்துல சொன்னீங்களாம். அம்மா சொல்றாங்க. பரீட்சையில நான் எதை எழுதணும், சாமி?"

தாயை ஏறிட்டுப் பார்த்தேன். அவர் நான் முன்பு உதவிப் பங்குத் தந்தையாக இருந்த ஊரிலிருந்து இவ்வூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். இருபது ஆண்டுகளுக்கு முன் இளங்குருவாக நான் நிகழ்த்திய பிரசங்கத்தை அவர் மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை. அக்காலத்தில் ஏதோ ஒரு வார இதழில், இங்கிலாந்து விஞ்ஞானி ஒருவர் செத்த பூச்சிகளை மரத்தில் ஒட்டிப் படம் எடுத்தார், உலகம் முழுவதும் பாடநூல்கள் ஏமாந்தன என்றொரு கட்டுரை வந்திருந்தது. அதை அப்படியே பிரசங்க மேடையில் ஏற்றிவிட்டேன். "பூச்சியை மரத்தில் ஒட்ட வைத்தவர்கள் நமக்குப் புத்தி சொல்ல வருகிறார்கள்" என்றேன். மக்கள் நன்றாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது. அது உண்மைதானா என்று தேடிப் பார்க்க வேண்டுமென்று எனக்குத் தோன்றவில்லை.

"அடுத்த வாரம் சொல்கிறேன்" என்று அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டேன். அந்த ஒரு வாரம் பல வாரங்கள் ஆயிற்று. படித்தறிந்ததை அவளுக்குச் சொன்னேன். என் பழைய பிரசங்கத்தைக் கேட்டவர்களும் அவர்தம் பிள்ளைகளும் இவ்விதழின் வாசகர்களிடையே இருக்கக்கூடும் ஆதலால், அவர்களுக்கும் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

முதலில் நம் ஊர்க் காட்சி ஒன்று. கோடையில் நீர் வற்றிய குளத்துப் பக்கம் நடந்தவர்களுக்கு ஆள்காட்டிக் குருவியைத் தெரிந்திருக்கும். தலைக்கு மேலே வட்டமிட்டுக் கத்தித் தீர்த்துவிடும். அதன் முட்டைகள் அருகே எங்கோ இருக்கின்றன என்பது அந்தக் கத்தலுக்குப் பொருள். ஆனால், தேடினால் அகப்படா. கூடென்று ஒன்று கட்டுவதில்லை. வெறுந்தரையில் சிறு குழி, ஓரிரு கற்கள், மண்ணிறத்தில் கரும்புள்ளிகள் தெறித்த முட்டைகள். பார்த்துக்கொண்டே இருந்து ஒரு நொடி கண்ணைத் திருப்பினால், மீண்டும் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். அந்த முட்டைகளை எடுத்து ஒரு வெள்ளைத் துணிமேல் வைத்துப் பார்த்தால், புள்ளிகள் பளிச்சென்று தெரியும். புள்ளிகள் மாறவில்லை, தரை மாறிற்று. காகத்தின் கண்ணிலிருந்து முட்டையைக் காப்பது, புள்ளியும் தரையும் ஒன்றோடொன்று பொருந்தும் அந்தப் பொருத்தமே. இதை மனத்தில் வைத்துக்கொண்டு இங்கிலாந்துக்குச் செல்வோம்.

அந்நாட்டு அந்துப்பூச்சிகளுள் ஒன்று, வெளுத்த சிறகுகளில் மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் கரும்புள்ளிகள் உடையது. ஆங்கிலத்தில் அதன் பெயரும் மிளகை ஒட்டியதே. நாம் மிளகு அந்துப்பூச்சி என்போம். சிறகு விரித்தால் ஏறத்தாழ இரண்டு அங்குலம். இரவில் பறக்கும், பகல் முழுவதும் மரத்தில் அசையாமல் ஒட்டிக் கிடக்கும். தூய காற்றுள்ள காடுகளில் மரப்பட்டைமேல் சாம்பலும் வெண்மையும் பசுமையுமாக லைக்கன் என்னும் பாசி போன்ற உயிரினம் படர்ந்திருக்கும். அதன்மேல் இப்பூச்சி அமர்ந்தால் மனிதக் கண்ணுக்கும் எளிதில் புலப்படாது.

1848-இல் மான்செஸ்டர் நகரில் இவ்வினத்தில் முற்றிலும் கறுப்பான பூச்சி ஒன்று பிடிபட்டது. பூச்சி சேகரிப்போர்க்கு அது ஓர் அதிசயம். மான்செஸ்டரோ அக்காலத்தில் உலகின் பஞ்சாலைத் தலைநகர். நிலக்கரிப் புகை இரவும் பகலும் கக்கிக்கொண்டிருந்தது. கந்தகம் கலந்த அந்தப் புகையில் லைக்கன்கள் மடிந்தன. வெறுமையான பட்டைமேல் கரி படிந்தது. 1895 வாக்கில் மான்செஸ்டர் பகுதியில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பூச்சிகள் கறுப்பு. ஐம்பது ஆண்டுகளுக்குள் அதிசயம் வழக்கமாகி, வழக்கம் அதிசயமாகிவிட்டது.

பறவைகள்தாம் காரணம் என்று 1896-இல் டட் என்னும் பூச்சி அறிஞர் எழுதினார். கரி படிந்த மரத்தில் வெளுத்த பூச்சி விளக்கு வைத்ததுபோல் தெரியும். கறுத்தது மறையும் என்றார். எழுதினாரேயன்றி நிறுவவில்லை. 1924-இல் ஹால்டேன் கணக்குப் போட்டார். இத்தனை விரைவில் கறுப்பு பெருக வேண்டுமானால், அந்த நகரங்களில் கறுத்த பூச்சி வெளுத்த பூச்சியைக் காட்டிலும் ஒன்றரை மடங்கு வெற்றியோடு சந்ததி விட்டிருக்க வேண்டும் என்று அக்கணக்கு காட்டிற்று. நம்ப முடியாத அளவு பெரிய வேறுபாடு என்று பலர் கருதினர். (இந்த ஹால்டேன்தான் 1957-இல் இந்தியாவுக்கு வந்து, நம் நாட்டுக் குடிமகனாகி, 1964-இல் புவனேசுவரத்தில் உயிர் நீத்தவர். கடவுள் நம்பிக்கை இல்லாதவர். ஆயினும் அவர் கணக்கு கணக்குத்தான்.) பறவைகள் அந்துப்பூச்சியைத் தின்னும் என்பதையே ஐயுற்றோர் உண்டு. ஆயுள் முழுவதும் காட்டில் அலைந்தோம், ஒரு முறையும் கண்டதில்லை என்றனர்.

இங்கேதான் நான் பிரசங்க மேடையில் கேலி செய்த மனிதர் வருகிறார். பெர்னார்ட் கெட்டில்வெல் அடிப்படையில் ஒரு மருத்துவர். பூச்சிகள்மீது கொண்ட ஆசையால் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கு வந்தவர். 1953-இல் பர்மிங்காம் நகரை அடுத்த, புகையால் கறுத்த ஒரு காட்டில் பூச்சிகளைப் பிடித்து விடும் சோதனையைச் செய்தார். ஒவ்வொரு பூச்சியின் சிறகின் அடிப்புறத்தில், பறவைக்குத் தெரியாதபடி, வண்ணத்தால் ஒரு சிறு பொட்டு. 447 கறுப்புப் பூச்சிகளையும் 137 வெளுத்த பூச்சிகளையும் மரங்களில் விட்டார். இரவில் விளக்கு வைத்தும், பெண் பூச்சிகளைக் கூண்டில் வைத்து ஆண் பூச்சிகளை ஈர்த்தும், விட்டவற்றுள் எத்தனை திரும்ப அகப்படுகின்றன என்று எண்ணினார். கறுப்பில் நூற்றுக்கு 27.5 திரும்பின; வெளுப்பில் 13 மட்டுமே.

கறுப்புப் பூச்சி இயல்பாகவே வலுவானதாக இருக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. எனவே 1955-இல் புகை எட்டாத டார்செட் மாவட்டத்துக் காட்டில் அதே சோதனையைச் செய்தார். 473 கறுப்பு, 496 வெளுப்பு. இங்கே கணக்கு தலைகீழ்: வெளுப்பில் 12.5, கறுப்பில் 6.3. பூச்சி அதுவே; மரம் வேறு. ஆள்காட்டி முட்டையையும் வெள்ளைத் துணியையும் நினைவுகூருங்கள். அதே ஆண்டில் நிக்கோ டின்பெர்கன், பிற்காலத்தில் 1973-இல் நோபல் பரிசு பெற்றவர், மறைவிடத்தில் அமர்ந்து, பறவைகள் மரத்திலிருந்து பூச்சிகளைக் கொத்தித் தின்பதைத் திரைப்படமாகவே எடுத்துவிட்டார்.

பாடநூல்களில் இக்கதை இவ்வளவோடு முடிகிறது. ஆனால், அதற்குப் பின் எழுந்த வழக்குத்தான் என் காதுக்கு எட்டியது.

வழக்கு முற்றிலும் வெற்று வழக்கன்று. கெட்டில்வெல் பூச்சிகளைப் பகலில், தம் கையால், அடிமரத்தில் விட்டார். இயற்கையில் அவை அடிமரத்தில்தான் அமருமா? கிளைகளின் அடிப்புறத்தை நாடுமென்று பின்னாளில் சிலர் கண்டனர். ஓரிடத்தில் அளவுக்கு மீறிப் பூச்சிகளை விட்டால், பறவைகளுக்கு அது அன்னதானச் சத்திரம் ஆகிவிடுமே! பாடநூல்களில் வந்த படங்கள் சிலவற்றில் இருந்தவை ஊசி குத்தி வைத்த செத்த பூச்சிகள் என்பதும் மெய்யே. இரண்டு நிறங்களும் அருகருகே அமர்ந்திருப்பதைக் காட்ட அவ்வாறு எடுத்தனர். அதைப் படத்தின் கீழே ஒரு வரியில் எழுதியிருந்தால் பிற்காலத்து ஏச்சில் பாதி குறைந்திருக்கும். 1998-இல் மைக்கேல் மெஜரஸ் என்னும் கேம்பிரிட்ஜ் அறிஞர் இக்குறைகளையெல்லாம் ஒரு நூலில் நேர்மையாகப் பட்டியலிட்டார். அவருடைய முடிவு, குறைகள் உண்டு, கருத்து சரியே என்பது. படித்தவர்களில் பலர் முதற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டனர். 2002-இல் வந்த மற்றொரு நூல் கெட்டில்வெல் புள்ளிவிவரங்களையே திருத்தியிருப்பாரோ என்னும் சந்தேகத்தைக் கிளப்பிற்று. அவர் 1979-இலேயே இறந்துவிட்டார். வந்து பதில் சொல்ல இயலாது. அந்தப் புகையில் ஒரு கீற்றுத்தான் தமிழ்நாட்டு வார இதழ் வரை வந்து, என் பிரசங்கத்தில் புகுந்தது.

இறந்த ஒருவரின் நற்பெயரைக் கெடுப்பதும் எட்டாம் கட்டளைக்கு எதிரானதே என்று மறைக்கல்வி வகுப்பில் போதிக்கிறவன் நான். அதை எனக்கே போதித்துக்கொள்ள இத்தனை ஆண்டுகள் ஆயின.

மெஜரஸ் செய்ததைச் சொல்கிறேன். தம் நூலைக் காட்டியே பிறர் இக்கதையைப் பொய்யென்று பேசுவது கண்டு, விவாதம் செய்துகொண்டிராமல், சோதனையை முதலிலிருந்து மீண்டும் செய்யத் தொடங்கினார். கேம்பிரிட்ஜ் அருகே ஒரு தோட்டத்தில், 2001 முதல் ஆறு ஆண்டுகள், 4,864 பூச்சிகள். ஒரு நாளைக்குச் சிலவே. மாலையில் மரக்கிளையைச் சுற்றி வலையுறை ஒன்றைக் கட்டி, அதனுள் பூச்சியை விடுவார். இரவில் அது தனக்குப் பிடித்த இடத்தில் தானே அமர்ந்துகொள்ளும். விடியுமுன் எழுந்து வந்து வலையை நீக்குவார். சூரியன் உதித்து நான்கு மணி நேரம் கழித்துப் பார்ப்பார். பூச்சி இருந்தால் பிழைத்தது. வீட்டிலிருந்து தொலைநோக்கியால் கவனித்து, எந்தப் பறவை எதைத் தின்றது என்றும் குறித்துக்கொண்டார். ராபினும் கரும்பறவையும் சிட்டு வகைகளுமாக ஒன்பது இனப் பறவைகள் அவர் கண்முன்னே பூச்சிகளைத் தின்றன. பூச்சிகள் இயல்பாக எங்கே அமர்கின்றன என்று மரமேறியும் தேடினார். பாதிக்குச் சற்று மேல் கிளைகளில்; மூன்றிலொரு பங்குக்கு மேல் அடிமரத்தில். ஆக, அடிமரத்தில் அமர்வதே இல்லையென்ற குற்றச்சாட்டும் நிற்கவில்லை.

கேம்பிரிட்ஜில் அப்போது காற்று தூயது. எனவே கறுப்புப் பூச்சிதான் அதிகம் தின்னப்பட வேண்டும். அப்படியே ஆயிற்று. ஒரு நாளில் கறுப்புப் பூச்சி பிழைக்கும் வாய்ப்பு, வெளுத்ததைவிட நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது பங்கு குறைவு. ஒன்பதுதானா என்று எண்ண வேண்டாம். நாள்தோறும் ஒன்பது, அப்படியே தலைமுறை தலைமுறையாக. சிறு வட்டி ஒரு குடும்பத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை நம் மக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

2007-இல் ஒரு மாநாட்டில் இம்முடிவுகளை மெஜரஸ் அறிவித்தார். முறையாக எழுதி வெளியிடுமுன், 2009 சனவரியில் நோயுற்று மறைந்தார். அவருடைய குறிப்புகளை எடுத்து, நான்கு அறிஞர்கள் 2012-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். என் பிரசங்கத்துக்கான மறுப்பு அச்சேறிப் பத்தாண்டுகளுக்கு மேலாகியும் நான் அதைக் கேள்விப்படவில்லை. பொய்யென்ற செய்தி கடல் தாண்டி வந்தது. மெய்யென்ற செய்தி வரவில்லை. 2018-இல் எக்சிடர் பல்கலைக்கழகத்தார் மனிதக் கண்ணை விட்டுவிட்டுப் பறவையின் கண் நிறங்களை எவ்வாறு காணும் என்று கணக்கிட்டே, லைக்கன் படர்ந்த மரத்தில் வெளுத்த மாதிரிப் பூச்சிகள் நூற்றுக்கு இருபத்தொரு பங்கு மிகுதியாகப் பிழைப்பதைக் காட்டினர். பூச்சியைத் தின்பது நாம் அல்லவே. தின்பவன் கண்ணால் பார்ப்பதுதானே முறை!

காற்று தூயதாயிற்று என்றேனல்லவா? அது தானாக ஆகவில்லை. 1952 டிசம்பரில் லண்டன் நகரைக் கவிந்த நச்சுப் புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அதன் பின்னரே 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. நிலக்கரிப் புகை குறையக் குறைய மரங்கள் வெளுத்தன. லைக்கன்கள் மெல்லத் திரும்பின. லிவர்பூல் அருகே கால்டி என்னும் ஊரில் ஒரு மருத்துவர் 1959 முதல் ஆண்டுதோறும் தம் ஊர்ப் பூச்சிகளை எண்ணி வந்தார். முதலாண்டில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று கறுப்பு. 1995-இல் பதினெட்டு. தாத்தா காலத்தில் வழக்கமானது பேரன் காலத்தில் மீண்டும் அதிசயமாயிற்று.

அந்த மருத்துவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். குடும்பங்களுக்கான இதழில் அவருக்கு ஓர் இடம் உண்டு. பெயர் சிரில் கிளார்க். பகலில் நோயாளிகள், ஓய்வில் பட்டாம்பூச்சி வளர்ப்பு. அவர் ஆராய்ந்த பட்டாம்பூச்சிகளுள் ஒன்று நம் வீட்டுக் கறிவேப்பிலைச் செடிக்கும் எலுமிச்சைச் செடிக்கும் வந்து முட்டையிடும் கரிய பட்டாம்பூச்சி. அதன் பெண் மூன்று தோற்றங்களில் பிறக்கும். ஒன்று ஆணைப் போலவே இருக்கும். மற்ற இரண்டும், செம்புள்ளிகளோடு கூடிய வேறு இரு பட்டாம்பூச்சிகளைப் போல வேடம் பூண்டிருக்கும். அந்த வேறிரண்டும் நஞ்சுள்ளவை. அவற்றின் புழுக்கள் ஆடுதின்னாப்பாளை இனத்துச் செடிகளைத் தின்று வளர்பவை. ஆடே தின்னாதென்று நம் முன்னோர் பெயரிட்ட செடியின் நஞ்சு, பட்டாம்பூச்சியின் உடலில் சேர்ந்துவிடுகிறது. ஒரு முறை தின்ற பறவை மறுமுறை தொடாது. அந்த அச்சத்தின் நிழலில், நஞ்சற்ற கறிவேப்பிலைப் பட்டாம்பூச்சியும் பிழைத்துப் போகிறது. மிளகு அந்துப்பூச்சியின் குறி மறைந்துகொள்வதற்கு. இதன் குறி நன்றாகத் தெரிவதற்கு. இரண்டிலும் கணக்கைத் தீர்ப்பது பறவையின் கண்தான். இன்னொன்றும் உண்டு: நஞ்சுள்ள பட்டாம்பூச்சிகள் இல்லாத ஊரில் இந்த வேடத்தால் பயனில்லை.

இவ்வேடம் தாயிடமிருந்து மகளுக்கு எவ்வாறு இறங்குகிறது என்பதைக் கிளார்க்கும், ஷெப்பர்ட் என்னும் அவருடைய நண்பரும் ஆண்டுக்கணக்கில் பட்டாம்பூச்சிகளைக் கலந்து வளர்த்து ஆராய்ந்தனர். அருகருகே அமைந்து ஒன்றாகவே இறங்கும் மரபணுக் கூட்டம் என்னும் எண்ணம் அவர்களை மனித இரத்த வகைகளின் பக்கம் இழுத்துச் சென்றது. அக்காலத்தில் ஆர்எச் நெகட்டிவ் இரத்தமுள்ள தாய்மாருக்கு ஆர்எச் பாசிட்டிவ் பிள்ளை பிறந்தால், முதற்பிள்ளை பிழைக்கும். அடுத்தடுத்த பிள்ளைகள் மஞ்சள் காமாலையோடு பிறந்து இறக்கும், அல்லது வயிற்றிலேயே இறக்கும். பிரசவத்தின்போது பிள்ளையின் இரத்தம் தாயின் உடலில் கலக்க, தாயின் உடல் அதைப் பகையென்று கண்டு எதிர்ப்பொருளை உண்டாக்கி வைத்துக்கொள்வதே காரணம். கலந்த அந்த அணுக்களைத் தாயின் உடல் அடையாளம் காணுமுன்பே அழித்துவிட்டால்? லிவர்பூலில் கிளார்க்கின் குழுவும், அமெரிக்காவில் தனியே மற்றொரு குழுவும் 1960-களில் இதற்கு ஊசிமருந்து கண்டனர். இன்று நம் மருத்துவமனைகளில் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் ஆர்எச் நெகட்டிவ் தாய்மாருக்குப் போடப்படும் 'ஆன்டி-டி' ஊசி அதுவே. நம் பங்கில் எத்தனை வீடுகளில் இரண்டாம் பிள்ளை அதனால் உயிரோடு விளையாடிக்கொண்டிருக்கிறதோ, நான் அறியேன். திருமணத்துக்கு ஆயத்தம் செய்ய வரும் இளைஞரிடம் இரத்த வகையை அறிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் இப்போது தவறாமல் சொல்வதற்குப் பட்டாம்பூச்சிகளும் ஒரு காரணம்.

மீண்டும் அந்துப்பூச்சிக்கு வருவோம். கறுப்பு நிறம் புகையால் பூச்சிமேல் படிந்த அழுக்கு என்று எண்ணுவோர் இன்னும் உள்ளனர். அன்று. அது பிறவிக் குணம். கறுப்பும் வெளுப்பும் கூடினால் கறுப்பே மேலோங்கும். பட்டாணிச் செடிகளில் இத்தகைய விதிகளைக் கண்டு 1866-இல் வெளியிட்டவர், அகுஸ்தீன் சபைத் துறவியும் குருவுமான கிரகோர் மெண்டல் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பது நல்லது. 2016-இல் லிவர்பூல் ஆராய்ச்சியாளர் அந்தக் கறுப்புக்குக் காரணமான மரபணு மாற்றத்தையே கண்டுபிடித்தனர். இடம்விட்டு இடம் தாவும் மரபுத் துண்டு ஒன்று புகுந்ததால் நேர்ந்த மாற்றம். அது 1819-ஐ ஒட்டி ஏற்பட்டிருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. புகை கறுப்புப் பூச்சியைப் படைக்கவில்லை. எப்போதோ அரிதாகத் தோன்றிய ஒன்றுக்குப் புகை இடங்கொடுத்தது.

இவ்வளவையும் அந்த மாணவியிடமும் அவள் தாயிடமும் பங்கு இல்லத்து வராந்தாவில் அமர்ந்து சொல்லி முடித்தபோது, தாய் மெல்லக் கேட்டார்: "அப்போ, சாமி, கடவுள் படைச்சார்ங்கறது...?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்த்தேன். இருபது ஆண்டுகளுக்கு முன் என்னைச் சறுக்கவைத்ததும் அந்த அச்சமே. பூச்சி பொய்யானால்தான் விசுவாசம் மெய்யாகும் என்று யாரோ என் மனத்தில் விதைத்திருந்தார்கள், திருச்சபை விதைக்கவில்லை. உடலின் தோற்றம் பற்றி ஆராய்வதற்குத் தடையில்லை என்று பன்னிரண்டாம் பத்திநாதர் 1950-இலேயே எழுதினார். பரிணாமக் கொள்கையை வெறும் ஊகமென்று இனி ஒதுக்க இயலாது என்ற கருத்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1996-இல் விஞ்ஞானக் கழகத்தாருக்குத் தெரிவித்தார். இவற்றைக் குருமடத்தில் படித்துத் தேர்வும் எழுதியவன் நான். அந்தத் தாயிடம் அவ்வளவும் சொல்லவில்லை. "அம்மா, பூச்சி பூச்சியாகத்தான் இருக்கிறது, நிறக் கணக்குத்தான் மாறிற்று. கறுப்பு எது, வெளுப்பு எது என்று எண்ணிச் சொன்னவர்கள் கடவுளுக்கு விரோதமாக எதுவும் செய்யவில்லை. தப்பாகச் சொன்னது நான்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். முன்பு சிரித்த சிரிப்பு அன்று.

"பரீட்சையில் டீச்சர் நடத்தியதையே எழுது" என்றேன் மாணவியிடம். "ஆனால், படத்தில் உள்ளவை செத்த பூச்சிகளாக இருக்கலாம் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்."

அவள் எழுந்திருக்கவில்லை. புத்தகத்தில் பூச்சியின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாமி, பூச்சி சரி. அதோட புழு? அதுக்குச் சிறகு இல்லையே. அதைப் பறவை தின்னாதா?"

நல்ல வேளையாக அதையும் படித்திருந்தேன். புழு ஒரு சுள்ளியைப்போல விறைத்து நிற்கும். அமர்ந்த சுள்ளி பழுப்பானால் பழுப்பாகவும், பச்சையானால் பச்சையாகவும் சில நாட்களில் தன் நிறத்தை மாற்றிக்கொள்ளும். கண்ணால் பார்த்துத்தான் மாற்றுகிறதா என்று அறிய, 2019-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், புழுக்களின் கண்களைக் கறுப்பு வண்ணம் பூசி மறைத்துவிட்டார்கள். அப்போதும் நிறம் சரியாகவே மாறிற்று.

"கண்ணை மூடிட்டா எப்படி சாமி தெரியும்?"

"தோலால்" என்றேன். "ஒளியை உணர்வதற்குக் கண்ணில் உள்ள மரபணுக்கள் அதன் தோலிலும் வேலை செய்கின்றனவாம்."

அவள் தன் முழங்கையை ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டாள். பிறகு புத்தகத்தின் ஓரத்தில் அதைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, "டீச்சர்கிட்ட கேக்கணும்" என்று கிளம்பினாள்.